மேசைக்கடியில் படுத்திருக்கப் பழகும் குட்டி

நடைபாதையின் விளிம்பில் வந்து நின்ற நாய், கைப்பிடியைப் பிடித்திருப்பவர் 'முன்னே போ' என்று சொன்ன பிறகும் அசையாமல் நிற்கிறது. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் மின்சாரக் கார் சத்தமே போடவில்லை. பார்வையில்லாத அவருக்கு அது வருவது தெரிய வழியில்லை. கார் போன பிறகு, அதே கட்டளைக்கு அதே நாய் தயங்காமல் சாலையில் இறங்குகிறது. வழிகாட்டி நாய்களைப் பயிற்றுவிப்பவர்கள் இதைப் 'புத்தியோடு மீறுதல்' என்கிறார்கள். பார்ப்பவர்கள் அசந்துபோவது இந்த இடத்தில்தான். இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் பயிற்சிப் பள்ளியின் பெயர் வரும். அது தப்பில்லை. ஆனால் பள்ளியில் அந்த நாய் பயின்றது ஏறத்தாழ 4 மாதம்தான். பள்ளிக்குள் நுழையும்போதே அதற்கு ஒரு வயதுக்கு மேல் ஆகியிருக்கும். அதற்கு முன்னால், தாயை விட்டுப் பிரிந்த நாளிலிருந்து, அது ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டில், நாய்ப் பயிற்சியில் பட்டமும் இல்லாத, அதற்குச் சம்பளமும் வாங்காத ஒரு குடும்பத்தோடு வளர்ந்திருக்கிறது. இந்த வளர்ப்பு வீட்டை, பள்ளிகள் செலவை மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். கடந்த 65 ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சாலையோரத்தில் கலங்காமல் நிற்கும் அந்த நாயின் மனசு உருவாவது அந்த வீட்டில்தான். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த வீட்டுக்கு மாற்றாக ஒரு கொட்டிலைக் கட்டிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டின் கதை அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் தொடங்குகிறது. டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி சுவிட்சர்லாந்தில் வேலைநாய்களை வளர்த்துக்கொண்டிருந்தார். முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக ஜெர்மனியில் நாய்களைப் பழக்குவதைப் பார்த்துவிட்டு, 1927-இல் அதைப் பற்றி ஓர் அமெரிக்க வார இதழில் எழுதினார். டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் இருந்த மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினார்கள். அவர் சுவிட்சர்லாந்துக்கே போய் பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்ட் நாயோடு 1928-இல் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். நிருபர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வண்டிகள் பறக்கும் சாலை ஒன்றை நாயோடு கடந்து காட்டினார். மறு ஆண்டே 'தி சீயிங் ஐ' என்ற பள்ளி பிறந்தது. இன்றும் இயங்கும் வழிகாட்டி நாய்ப் பள்ளிகளில் மிகப் பழையது அதுதான். இப்போது நியூஜெர்சியின் மோரிஸ்டவுனில் இருக்கிறது. 1942-இல் அந்தப் பள்ளி தன் குட்டிகளை '4-எச்' சங்கத்தின் பிள்ளைகளிடம் வளர்க்கக் கொடுக்க ஆரம்பித்தது. கிராமத்துப் பிள்ளைகள் கன்றுக்குட்டியும் கோழியும் வளர்த்துப் பழகிய சங்கம் அது. பிரிட்டனில் இதே முறை 1950-களில் வந்தது. அங்கே வளர்ப்பவருக்கு நெடுங்காலம் 'குட்டியை நடத்திப் போகிறவர்' என்று பொருள்படும் பெயரே இருந்தது. ஜப்பானிலும் அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

குட்டி 7 அல்லது 8 வார வயதில் வீட்டுக்கு வருகிறது. 12 முதல் 18 மாதத்துக்குள் பள்ளிக்குத் திரும்புகிறது. இடையில் வளர்ப்பவர் அதற்கு வழிகாட்டக் கற்றுக்கொடுப்பதில்லை. சேணம் பூட்டுவதோ தெரு கடக்கச் சொல்லித்தருவதோ அவர் வேலையே இல்லை. அவர் சொல்லித்தருவது எல்லாம் சில்லறைச் சமாசாரமாகத் தெரியும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் சிறுநீர் கழிப்பது. வந்தவர்மேல் தாவாமல் இருப்பது. பேருந்தில் இருக்கைக்கு அடியில் சுருண்டு படுப்பது. உணவகத்தில் பெரியவர்கள் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிட, மேசைக்கடியில் வாலை உள்ளே இழுத்துக்கொண்டு கிடப்பது. அந்த மேசைக்கடியைக் கொஞ்சம் குனிந்து பார்க்கவேண்டும். தரையில், குட்டியின் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில், வறுத்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று விழுந்து கிடக்கிறது. மூக்குத் துவாரம் விரிகிறது, உடம்பு ஒரு விரற்கடை முன்னே நகர்கிறது. வளர்ப்பவர் பேச்சை நிறுத்தாமலே வாரை லேசாக அசைக்கிறார். குட்டி அவரைப் பார்க்கிறது, மறுபடி துண்டைப் பார்க்கிறது, பெருமூச்சு விட்டுத் தலையை முன்னங்கால்கள்மேல் வைத்துக்கொள்கிறது. இப்படி நூறு முறை நடந்தால்தான், இரண்டு வருடம் கழித்துத் தெருவோரத்தில் கிடக்கும் ரொட்டித் துண்டுக்காக அந்த நாய் ஒருவரைச் சாலைக்குள் இழுத்துவிடாமல் இருக்கும். அமைதியாகப் படுத்திருப்பது என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத்தான் தோன்றுகிறது. வழிகாட்டி நாயின் கல்வியில் பாதி அதுதான் என்பேன்.

இதையெல்லாம் பள்ளியிலேயே, தேர்ந்த ஊழியர்களை வைத்துச் செய்யக்கூடாதா? நல்ல கேள்வி. இதற்கான பதில், யாரும் திட்டமிடாத ஒரு பரிசோதனையிலிருந்து கிடைத்தது. கலிஃபோர்னியாவின் சான் ரஃபேல் நகரில் இருக்கும் வழிகாட்டி நாய்ப் பள்ளியில் குட்டிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கிளாரன்ஸ் ஃபாஃபென்பெர்கர் ஏற்றிருந்தார். ஏறத்தாழ 12 வார வயதுவரை குட்டிகளைப் பள்ளியில் வைத்துச் சோதிப்பார்கள். தேறியவற்றை வளர்ப்பு வீடுகளுக்கு அனுப்புவார்கள். சில சமயம் வீடு உடனே கிடைக்காது. தேறிய குட்டியும் கொட்டிலில் காத்துக் கிடக்கும். அங்கே அதற்குச் சாப்பாட்டுக்கோ சுத்தத்துக்கோ மருத்துவத்துக்கோ குறைவில்லை. மெய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில் நாய்களின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் பால் ஸ்காட்டோடு சேர்ந்து, பிற்பாடு எது தேர்ச்சி பெற்றது, எது பெறவில்லை என்று அவர் கணக்கெடுத்தார். முடிவு 1959-இல் வெளியானது. சோதனை முடிந்த ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குப் போன குட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு வழிகாட்டி நாய்களாயின. மூன்று வாரத்துக்கு மேல் கொட்டிலில் காத்திருந்தவற்றில் 30 விழுக்காடுதான் தேறின. இனம் ஒன்றுதான், எழுதிய தேர்வும் ஒன்றுதான். தேர்வில் இரண்டு தரப்பும் தேறியிருந்தன. வீட்டு வாசப்படியை மிதிக்கச் சில வாரம் தாமதமானது மட்டுமே வேறுபாடு.

சில வாரத்துக்கு அவ்வளவு வலிமை ஏன் என்பதை நாயின் மூளை வளரும் விதம் விளக்குகிறது. பிறந்த குட்டிக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கண்ணும் காதும் அடைத்திருக்கும். மூன்றாவது வாரம் உலகம் உள்ளே நுழைகிறது. அப்போதிலிருந்து 12 அல்லது 14 வாரம்வரை ஒரு கதவு திறந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் எதையெல்லாம் குட்டி நிதானமாகச் சந்திக்கிறதோ அதெல்லாம் அதன் கணக்கில் 'வழக்கமானது'. கதவு மூடிய பிறகு வருவது எதுவும் 'சந்தேகத்துக்கு உரியது'. ஜாக்சன் ஆய்வகத்தில் 1961-இல் ஒரு கடுமையான ஆய்வு நடந்தது. உயர்ந்த வேலி போட்ட நிலத்தில், மனித முகமே படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சிலவற்றை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் வெளியே எடுத்துப் பழகினார்கள். 14 வாரம்வரை யாரும் தொடாமல் விட்டவை கிட்டப் போக முடியாத காட்டு விலங்குகளாகிவிட்டன. அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் பெரிய பலன் இல்லை. இன்று இப்படி ஓர் ஆய்வு செய்ய அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் அது காட்டிய உண்மையின்மேல்தான் இன்றைய முறை நிற்கிறது. ஐந்து வாரக் குட்டி அந்நியரிடம் ஓடி வரும். ஏழெட்டு வாரத்தில் தயக்கம் முளைக்க ஆரம்பிக்கும். ஆர்வமும் அச்சமும் கைகோத்து நிற்கும் அந்த வயதில்தான் குட்டி வளர்ப்பு வீட்டுக்கு வருகிறது.

இங்கே கால்நடை மருத்துவர் ஒருவர் குறுக்கிடக்கூடும். 8 வாரத்தில் தடுப்பூசிகள் முடிந்திருக்காது. பார்வோ வைரஸ் போன்ற கொள்ளைநோய் தெருவில் காத்திருக்கிறது. குட்டியை எப்படி வெளியே கொண்டுபோவது? ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள் பூட்டி வைத்தால் கதவு மூடிக்கொண்டே வருகிறது. வளர்ப்பவர்கள் கண்ட வழி எளிமையானது: நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நம் வீடுகளில் பிள்ளையைச் சேலைத் தூளியில் போடுவதுபோல, தோளில் தொங்கும் துணிப்பையில் குட்டியை வைத்து, தலை மட்டும் வெளியே தெரியக் கடைத்தெருவில் நிற்கிறார்கள். பேருந்து பெருமூச்சு விட்டு நிற்பதையும், சக்கர நாற்காலி உருண்டு போவதையும், ஹெல்மெட் போட்ட ஆள் கிட்ட வருவதையும் குட்டி ஒரு நெஞ்சுக்கூட்டின் கதகதப்பிலிருந்து பார்க்கிறது. கால் தரையில் படவில்லை, நோய் வரவில்லை. உலகம் மட்டும் வந்துவிட்டது. எனக்கு இந்த முழு ஏற்பாட்டிலும் மிகவும் பிடித்த காட்சி இதுதான். இதற்கு வேண்டியது ஒரு ஜோடித் தோளும் ஒரு ஓய்வான மதியமும். ஐம்பது குட்டிகளைக் கவனிக்கும் ஊழியரிடம் அந்த இரண்டும் இருக்காது.

மரபை வைத்து எழும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. நல்ல நாயைப் பெற்றால் போதும், எந்த வீட்டில் வளர்ந்தால் என்ன? மரபின் பங்கை மறுக்க முடியாது. சீயிங் ஐ பள்ளியே அதற்குச் சான்று: இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத பரம்பரைக் குறை, அவர்களுடைய ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களில் 55 விழுக்காடாக இருந்தது. பெற்றோரைக் கவனமாகத் தேர்ந்து இனச்சேர்க்கை செய்ததில் ஐந்து தலைமுறைக்குள் 24 விழுக்காடாகக் குறைந்தது. உடம்பு மட்டுமில்லை, மனசிலும் மரபு பேசுகிறது. 2021-இல் எமிலி பிரே குழுவினர் 8 வார வயதுள்ள 375 ரிட்ரீவர் குட்டிகளைச் சோதித்தார்கள். மனிதர் விரல் சுட்டும் திசையைப் புரிந்துகொள்ளும் திறனில் குட்டிக்குக் குட்டி காணும் வேறுபாட்டில் 40 விழுக்காட்டுக்கு மேல் மரபாலேயே வருவது என்று கண்டார்கள். பெரிய பங்குதான். ஆனால் மீதியும் பெரிய பங்கு. சான் ரஃபேல் கணக்கை மறுபடி நினைத்துப் பார்த்தால், கொட்டிலில் தேங்கிய குட்டிகளும் அதே நல்ல வம்சத்தில் பிறந்தவைதான். விதைநெல் எவ்வளவு உயர்ந்ததானாலும் நாற்று நடும் பருவம் தப்பினால் விளைச்சல் தப்பிவிடும் என்று உழவருக்குச் சொல்லவேண்டியதில்லை. மரபு ஒரு தகுதியைத் தருகிறது. அந்தத் தகுதி எந்தப் பக்கம் வளரும் என்பதை முதல் வருடம் தீர்மானிக்கிறது.

அப்படியானால் அந்த முதல் வருடத்தில் குட்டியைப் பூப்போலப் பொத்திப் பொத்தி வளர்த்தால் போதுமா? இந்த இடத்தில் ஆய்வு நம் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் புரட்டிப்போடுகிறது. பிரே தன் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நாட்களில் சீயிங் ஐ பள்ளியில் 23 தாய் நாய்களையும் அவற்றின் 98 குட்டிகளையும் கவனித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார். சில தாய்கள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பால் கொடுத்தன. குட்டிகள் கிடந்த இடத்திலேயே குடித்தன. வேறு சில தாய்கள் உட்கார்ந்தோ நின்றோ கொடுத்தன. குட்டி எம்ப வேண்டும், பிடி நழுவும், மறுபடி எம்ப வேண்டும். பிற்காலத்தில் வழிகாட்டி நாய்களாகத் தேறியவற்றில், நின்று பால் கொடுத்த தாயின் குட்டிகளே முன்னால் இருந்தன. ஓயாமல் நக்கி, அணைத்துப் பக்கத்திலேயே இருந்த தாய்களின் குட்டிகள் தவறியது அதிகம். நாய்த் தாய்களைப் பற்றிய இந்த முடிவை மனித வளர்ப்பவர் தலையில் அப்படியே ஏற்றுவது சரியில்லை. தாயின் குணமே குட்டிக்கு மரபாகப் போயிருக்கலாம் என்ற வாய்ப்பும் உண்டு. ஆனாலும் பழுத்த வளர்ப்பவர்கள் அனுபவத்தில் அறிந்ததோடு இது ஒத்துப்போகிறது. தரையில் இரும்புக் கிராதி பதித்த இடத்தைக் கண்டு குட்டி பின்வாங்கும்போது தூக்கிக் கடத்திவிடுவது எளிது. அவர்கள் தூக்குவதில்லை. இழுப்பதும் இல்லை. பக்கத்தில் நின்று காத்திருக்கிறார்கள். குட்டி ஒரு காலை வைக்கிறது, எடுக்கிறது, இன்னொரு தடவை வைக்கிறது. கடந்தபின் வாலாட்டுகிறது. பயம் வந்தது, ஒன்றும் ஆகவில்லை, பயம் போனது என்ற இந்தச் சுற்றைப் பல்லாயிரம் முறை கண்ட நாய்தான், கட்டளையை மீறிச் சாலையோரத்தில் நிற்கும் துணிவைப் பெறும்.

வளர்ப்பவர்கள் மனம் உடைந்துபோகும் கட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றியும் நல்ல ஆய்வு இருக்கிறது. ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றால் உட்கார்ந்த குட்டி, எட்டு மாதத்தில் காது கேளாததுபோல நிற்கும். நாம்தான் ஏதோ தப்பாக வளர்த்துவிட்டோம் என்று வளர்ப்பவருக்குத் தோன்றும். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழுவினர் பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாவதற்கு வளர்ந்துகொண்டிருந்த குட்டிகளிடம் இதைச் சோதித்து 2020-இல் எழுதினார்கள். எட்டு மாத நாய், வளர்ப்பவர் சொன்னால்தான் கேட்கவில்லை. அதே 'உட்கார்' என்பதை அந்நியர் சொன்னால் கேட்டது. மூளை மழுங்கவில்லை, கற்றது மறக்கவில்லை. தன்னை வளர்ப்பவரிடம் மட்டும் விடலைப் பருவத்து முரண்டு. வயது வந்த பிள்ளைகளை வளர்த்த எவருக்கும் இது புதிதில்லை. ஒரு வயதை எட்டும்போது அந்த முரண்டு தணிகிறது. இந்தப் புயல் அடிக்க, அடித்து ஓய, குட்டிக்கு 'என் ஆள்' என்று ஒருவர் இருக்கவேண்டும். மூன்று வேளைப் பணிமுறையில் ஆள் மாறும் கொட்டிலில் யாரிடம் முரண்டு பிடிப்பது? பள்ளி அந்த நாயை ஒரு வயதுக்குப் பிறகே திரும்ப வாங்கிக்கொள்வதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது.

அனுபவமில்லாதவர்கள் வளர்ப்பதால் நாய்கள் கெட்டுப்போகாதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொன்னால், கெடலாம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் செர்பெல்லும் டெபோரா டஃபியும் 978 குட்டிகளைத் தொடர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே குட்டி வளர்த்துப் பழகியவர்களிடம் வளர்ந்தவை கொஞ்சம் நல்ல நிலையில் இருந்தன. இடையில் ஒரு மனிதரால் பயமுறுத்தப்பட்டவையும், அறிமுகமில்லாத நாயின் தாக்குதலுக்கு ஆளானவையும் அச்சம் மிகுந்தவையாக வளர்ந்தன. ஒரே ஒரு கெட்ட மதியம் ஒரு வருட உழைப்பைக் குலைக்கக்கூடும் என்பதை வளர்க்க முன்வருபவர்கள் தெரிந்துகொண்டுதான் வரவேண்டும். ஆனால் இதற்கு மருந்து, புதியவரோடு பழையவரைச் சேர்த்துவிடுவது. நல்ல பள்ளிகள் அதைத்தான் செய்கின்றன: ஊர்தோறும் வளர்ப்போர் குழு, மாதாந்திரச் சந்திப்பு, வீட்டுக்கு வந்து பார்க்கும் மேற்பார்வையாளர். மேலும், இதே இருவர் 2012-இல் காட்டிய இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐந்து பள்ளிகளைச் சேர்ந்த 7,696 நாய்களைப் பற்றி, அவற்றின் 6-ஆம், 12-ஆம் மாதங்களில் வளர்ப்பவர்களே நிரப்பிக் கொடுத்த வினாப் படிவங்களை எடுத்துப் பார்த்தார்கள். படியில் தயங்குகிறதா, வாரை இழுக்கிறதா, இடிக்கு நடுங்குகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். அந்தப் பதில்கள், பின்னால் எந்த நாய் தேறும் எது தேறாது என்பதை முன்கூட்டியே சுட்டின. எந்தப் பட்டமும் இல்லாதவர்கள், தினமும் கூட இருந்து கண்டதை எழுதினார்கள். அது அறிவியல் தரவாக நின்றது. வளர்ப்பவர் குட்டியை வளர்க்கிறவர் மட்டுமில்லை, அதை அளக்கும் கருவியும் அவர்தான்.

வீடு என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை, வீடே இல்லாத ஓர் இடம் நன்றாகக் காட்டுகிறது. 1997-இல் நியூயார்க் மாநிலச் சிறைகளில் கைதிகள் வழிகாட்டி நாய்க் குட்டிகளை வளர்க்கும் திட்டம் தொடங்கியது. கைதிக்கு நேரம் உண்டு, பொறுமை உண்டு. குட்டி இரவும் பகலும் அவர் அறையிலேயே இருக்கும். அடிப்படைப் பழக்கங்கள் அங்கே அருமையாகப் படிந்தன. ஆனால் சிறைக்குள் அழைப்பு மணி இல்லை, காபிக் கொட்டை அரைக்கும் இயந்திரம் இல்லை, தவழும் குழந்தை இல்லை, கார் இல்லை. அதனால் வெளியே இருக்கும் தன்னார்வலர்கள் வார இறுதியில் அந்தக் குட்டிகளைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போகும் முறையை ஏற்படுத்த வேண்டியிருந்தது. மாடிப்படி, குளியலறையின் வழுக்கும் தரை, திடீரென்று விரியும் குடை, பக்கத்து வீட்டுப் பையனின் பந்து, விருந்தாளியின் பூனை: ஒழுங்கில்லாமல் நிகழும் இந்தக் கலவைக்குப் பாடத்திட்டம் எழுத முடியாது. குடும்பம் தன் பாட்டில் வாழ்ந்தாலே போதும், பாடம் நடந்துவிடும்.

ஒரு முறையீட்டை நான் தள்ளிவிட மாட்டேன். நன்கொடை குவியும் பள்ளிகள் சாதாரண மக்களின் உழைப்பை இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமா என்பது அது. மருத்துவச் செலவைப் பெரும்பாலும் பள்ளிகள் ஏற்கின்றன, தீனிக்கும் பல இடங்களில் உதவி உண்டு. இருந்தாலும் ஒன்றரை வருடத்து விடியற்காலைகளுக்கு விலை போட்டால் எவ்வளவோ வரும். சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஒரே குட்டி போதாது. கணக்குப் பார்க்கும் நிர்வாகம் ஐந்து கொடுக்கும், பிறகு பத்து. பத்துக் குட்டி இருக்கும் இடம் வீடாக இருக்காது, மறுபடியும் கொட்டில். 1959-இன் கணக்கு நம்மைத் திரும்பவும் வந்து பிடிக்கும். நாயைப் பெறும் பார்வையற்றவரிடம் சீயிங் ஐ பள்ளி முதல் நாய்க்கு 150 டாலர் மட்டுமே கேட்கிறது. 1930-களில் வகுத்த தொகை அது, இன்றும் அதேதான். பலருடைய சம்பளமில்லாத உழைப்பு அதைத் தாங்கி நிற்கிறது. யாரும் லாபம் எடுக்காத இடத்தில் அந்த உழைப்பைச் சுரண்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளிகள் வளர்ப்பவரை இன்னும் மதித்து நடத்தலாம், தேறாத நாயைத் திரும்ப வளர்க்கும் முதல் உரிமையை அவருக்கே தரலாம். பல பள்ளிகள் தருகின்றன.

நாயின் பக்கத்திலிருந்து எழும் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அன்பு காட்டி வளர்த்து, ஒன்றேகால் வயதில் பிரித்து, பயிற்சியாளரிடம் கொடுத்து, அவரிடமிருந்தும் பிரித்து மூன்றாவது ஆளிடம் கொடுப்பது ஒரு ஜீவனுக்குச் செய்யும் கொடுமை ஆகாதா? இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தார் இதையே ஆராய்ந்தார்கள். முன்பு இரண்டு முறை பாசம் அறுபட்ட வழிகாட்டி நாய்கள், பார்வையற்ற தங்கள் உரிமையாளரிடம் உறுதியான பிணைப்புக் கொண்டிருப்பதை 2006-இல் காட்டினார்கள். பிரிவுகள் நாயின் பாசத்தை வற்றடித்துவிடவில்லை. ஆனால் மறு ஆண்டு வந்த அவர்களுடைய அடுத்த ஆய்வையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. உரிமையாளர் சற்று நேரம் அறையை விட்டுப் போனபோது, வீட்டு நாய்கள் குரைத்துக் கதவைப் பிறாண்டிய அளவுக்கு வழிகாட்டி நாய்கள் செய்யவில்லை; வெளிக்கு அடக்கமாக இருந்தன. உள்ளே அவற்றின் இதயம் வேகமாக அடித்தது. ஆக, அவை பிரிவை உணர்கின்றன. காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருக்கின்றன. இதைப் படித்த பிறகு, பிரிவு நாய்க்கு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிரிவை மெதுவாக்க வழி இருக்கிறது: வளர்ப்புக் காலத்திலேயே சில இரவுகள் வேறு வீட்டில் தங்கவைப்பது, பள்ளியை முன்னதாகவே காட்டிப் பழக்குவது. மனிதர் என்றால் ஒரே ஒருவர் என்று நினைக்கும் நாய்க்குப் பிரிவு உலகத்தின் முடிவு. மனிதர் என்றால் பொதுவாக நல்லவர்கள் என்று கற்ற நாய்க்கு அது ஒரு கடினமான வாரம். அந்தக் கல்வியைத் தருவதும் வளர்ப்பு வீடுதான்.

கணிசமான குட்டிகள் கடைசிவரை தேறுவதில்லை. அச்சமும் கவனச் சிதறலும் முக்கியமான காரணங்கள். உடல் குறைகள் வேறு. அவை வேறு பணிக்கோ வீட்டு நாயாகவோ போகின்றன, நன்றாகவே வாழ்கின்றன. அந்த வருடம் வீணானதாக நான் எண்ணவில்லை. கைபேசிச் செயலியும் உணர்கருவி பொருத்திய கைத்தடியும் வந்துவிட்டனவே என்பவர்களுக்கும் மறுப்பு இல்லை. வரட்டும், எல்லாம் உதவும். நாயைத் தேர்ந்தெடுப்பதும் கைத்தடியைத் தேர்ந்தெடுப்பதும் பார்வையற்றவரின் உரிமை. நாய் வேண்டும் என்று ஒருவர் சொல்லும் காலம்வரை ஒரு குட்டிக்கு ஒரு வீடு தேவைப்படும்.

சான் ரஃபேல் பள்ளியில் பட்டமளிப்பு நாளன்று வளர்த்தவரே மேடை ஏறி, நாயின் வாரைப் பார்வையற்றவர் கையில் கொடுக்கிறார். சீயிங் ஐ பள்ளியில் அந்த வழக்கம் இல்லை. நாய் யாரிடம் போகிறது என்று வளர்த்தவருக்குச் சொல்வதில்லை. ஆனால் பயிற்சி முடியும் தறுவாயில் குடும்பத்தை மோரிஸ்டவுனுக்கு அழைக்கிறார்கள். அவர்கள் வளர்த்த நாய் சேணம் பூட்டிப் பயிற்சியாளரோடு கடைத்தெருவில் நடந்துவரும். குடும்பம் சற்றுப் பின்னால் தொடர்ந்து நடக்கவேண்டும். கூப்பிடக் கூடாது, சிரித்துப் பேசக் கூடாது. குரல் கேட்டால் நாய் திரும்பிவிடும். நடைபாதையில் யாரோ நிறுத்தியிருக்கும் சைக்கிளை அது சுற்றிக்கொண்டு போகிறது. கடை வாசலில் சிந்திக் கிடக்கும் எதையோ மூக்கு தொடாமல் கடக்கிறது. சாலை விளிம்பில் நிற்கிறது. பின்னால், இருபது முப்பதடி தூரத்தில், அந்தக் குடும்பமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது.